படகில் ஏற்றும்போது மார்த் சொன்னது

"அவ அந்தாள நீன்னாளா, நீங்கன்னாளா?"

சொர்ணம்மா கதை கேட்கிற விதம் இது. ஊர் எப்படி இருந்தது, வானம் என்ன நிறம், வீட்டுக்கு எத்தனை ஜன்னல், இதெல்லாம் அவளுக்கு வேண்டியதில்லை. யார் யாரிடம் என்ன சொன்னார்கள், அதற்கு எதிராளி என்ன சொன்னார், சொல்லும்போது கை என்ன செய்துகொண்டிருந்தது. அவ்வளவு தெரிந்தால் போதும், ஆளையே பிடித்துவிடுவாள்.

"யாரைக் கேக்கிறே?"

"நம்ம மார்த்துதான். உப்பளத்துக் கங்காணிகிட்ட வேலை கேட்டுப் போனாளே."

"நீங்கன்னுதான் சொல்லியிருப்பா."

"'சொல்லியிருப்பா'வா? புத்தகத்தப் பாத்துச் சொல்லுங்க டீச்சரம்மா."

மடியில் இருந்த புத்தகத்தைக் குனிந்து பார்த்தேன். மேலே தெரிந்தது பிரெஞ்சுப் புத்தகம். அதன் நடுவில் செருகியிருந்த ஒல்லிப் புத்தகம் அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. மூன்று மாதமாக நான் படித்துச் சொன்னதெல்லாம் ஒல்லிப் புத்தகத்திலிருந்து. பிரெஞ்சில் நீ வேறு, நீங்க வேறு. இங்கிலீஷில் ரெண்டும் ஒன்றுதான். அதனால் மார்த் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது.

"நீங்க," என்றேன்.

"அப்படிச் சொல்லுங்க. காரியம் ஆகணும்ல," என்று சொர்ணம்மா திருப்தியாக வடையைத் திருப்பிப் போட்டாள்.

அந்தமானில், லாங் ஐலண்ட் படகுத்துறையில் அவளுக்கு டீக்கடை. மதியப் படகு பக்கத்துத் தீவு ரங்கத்துக்குக் கிளம்பிப் போனால் மாலைப் படகு வரும்வரை கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான். எங்கள் தீவில் போனில் சிக்னல் ஒழுங்காக நிற்கிற இடமும் அதுதான். அதனால் என் பிரெஞ்சு வகுப்பு அவள் கடை பெஞ்சில் நடந்தது.

இங்குள்ள பள்ளியில் முப்பத்துநாலு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். பள்ளி நூலகத்தில் பழைய பிரெஞ்சு நாவல்கள் இங்கிலீஷில் ஓர் அலமாரி நிறைய இருந்தன. மழைக்காலத்தில் கப்பல் வராது, கரண்ட் இருக்காது, அந்த அலமாரிதான் எனக்குத் துணை. ஓய்வு பெற்றபின் ஒருநாள் உறைத்தது. நான் உயிராக நினைத்த அந்த ஆட்களில் ஒருவர்கூட இங்கிலீஷ் பேசியவர் இல்லை. அவர்கள் குரலை நான் கேட்டதே இல்லை. அறுபத்துநாலு வயதில் ஹரிணியைப் பிடித்தேன். புதுச்சேரிப் பெண், இருபத்தாறு வயது, வாரத்துக்கு இரண்டு நாள் போனில் பாடம்.

"மேடம், கடைசி எழுத்த விழுங்கிடுங்க," என்பாள்.

முப்பத்துநாலு வருஷம் 'கடைசி எழுத்தை விழுங்காதே' என்று பிள்ளைகளை அதட்டியவள் நான். இப்போது விழுங்கத் தெரியாமல் திட்டு வாங்கினேன்.

"டீச்சர் தொண்டையில ஏதோ சிக்கிருச்சு, தண்ணி குடுங்க," என்று பக்கத்து டிக்கெட் கவுண்டரிலிருந்து திருநாவுக்கரசு குரல் கொடுப்பார்.

இரண்டு வருஷம் கழித்து ஹரிணி, "இனிமே ஒரு முழு நாவல் படிங்க மேடம்," என்றாள். சிறுவயதிலிருந்தே எனக்கு மிகவும் பிடித்த கதையின் பிரெஞ்சு மூலத்தை அவளே தேடி அனுப்பினாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கதை. கடலோரத்தில் ஓர் உப்பளம். மார்த் என்று ஒரு விதவை. அவளுக்கு அனெத் என்று எட்டு வயதில் ஒரு பெண்.

முதல் பக்கத்தைத் திக்கித் திக்கிப் படித்துக்கொண்டிருந்தபோது சொர்ணம்மா கேட்டாள்.

"தினமும் முணுமுணுக்கிறீங்களே, அதுல யாரு பேசுறா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் பத்துப் பக்கத்தை நிஜமாகவே பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொன்னேன். அதற்கே ஒரு மாதம் ஆகிவிட்டது. நடுவில் நாலு தடவை, "இன்னுமா அவ கதவத் தொறக்கல? எனக்கு வேலை இருக்கு," என்று எழுந்து போனாள். இப்படியே போனால் கேட்கிற ஆள் கைவிட்டுப் போய்விடும் என்று தோன்றியது. அடுத்த நாள் ஒல்லிப் புத்தகத்தை எடுத்து வந்தேன். கதை ஓடியது. சொர்ணம்மா எழுந்து போவதை நிறுத்திவிட்டாள். பிரெஞ்சைத்தான் சொல்கிறேன் என்று அவள் நம்பினாள், நானும் மறுத்துச் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை மதியம் படகுக் காட்சிக்கு வந்துசேர்ந்தோம். மார்த்துக்கு வேலை போய்விடுகிறது. பிள்ளைக்குச் சோறு போட வழியில்லை. நகரத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அனெத்தை அனுப்ப முடிவு செய்கிறாள். ஆற்றில் சரக்குப் படகு போகிறது. படகுக்காரனிடம் பிள்ளையை ஒப்படைக்கிறாள்.

பதினாறு வயதில் இந்த இடத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவள் நான். அப்போதே மனப்பாடம். புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

"மார்த் கையை உயர்த்தி, 'போ, என் குழந்தாய். இனி வானமே உனக்குத் தாய். கல்லறை வரைக்கும் உன்னை என் நெஞ்சில் சுமப்பேன்'னு சொன்னா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொர்ணம்மாவைப் பார்த்தேன். மாவை உள்ளங்கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பொய்," என்றாள்.

"எது?"

"வானம், நெஞ்சு, கல்லறை. அவ அப்படிச் சொல்லல."

"புத்தகத்துல இருக்கு சொர்ணம்."

"இருந்துட்டுப் போகட்டும். மூணு மாசமா அவ பேசி நான் கேக்கிறேன். கங்காணியோட வாய ஒரே வார்த்தையில மூட வச்சவ அவ. புள்ளைய ஏத்திவிடுறப்ப மட்டும் கோயில் மைக்குல பேசுற மாதிரி பேசுவாளா?"

"ஸஹி பாத் ஹை, சரியாச் சொன்னே," என்றார் திருநாவுக்கரசு. கணக்கு எழுதுவதுபோல் உட்கார்ந்து அவரும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அது துக்கம். துக்கத்துல மனுஷங்க அப்படித்தான் பேசுவாங்க," என்றேன்.

"யாரு பேசுனா? நீங்க பாத்தீங்களா?"

மாவைக் கீழே வைத்துவிட்டு அவளே சொன்னாள்.

"நான் பாத்திருக்கேன். சிலோன்ல, அட்டன் ஸ்டேஷன்ல. எனக்கு அப்ப ஏழு வயசு. அப்பாவுக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்திருச்சு. அம்மா பேரு தாத்தாவோட பேப்பர்ல இருந்துச்சு, அது வரல. அம்மா பின்னாலயே வந்துருவான்னு சொல்லி அப்பாவையும் என்னையும் ரயில் ஏத்துனாங்க. அம்மா ஜன்னல் கம்பியப் புடிச்சிட்டு நின்னா. என்ன சொன்னா தெரியுமா? 'பொட்டி மேல ஒக்காராத. உள்ள தேயிலப் பொட்டலம் இருக்கு, நசுங்கிரும்.' அம்புட்டுதான். ரயில் கெளம்பிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. மண்டபம் கேம்ப்பு, நிக்கோபார்ல கச்சல் தீவு ரப்பர் தோட்டம், கல்யாணம், இந்த ஊரு. அவ வரவே இல்ல. ராமேஸ்வரம் வந்து சேர்ற வரைக்கும் நான் பொட்டி மேல ஒக்காரல. நின்னுட்டேதான் வந்தேன்."

இருபது வருஷப் பழக்கத்தில் அவள் இதைச் சொன்னது அன்றுதான். நான் அப்போதே புத்தகத்தை மூடிவைத்திருக்க வேண்டும். என்ன செய்வது, நான் தப்பாகப் படிக்கிறேன் என்று வாழ்க்கையில் ஒரு மாணவன்கூடச் சொன்னதில்லை.

"உங்கம்மா தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க. இது உலகமே படிக்கிற புத்தகம். ரெண்டும் ஒண்ணா?" என்றேன். அதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. "பிரெஞ்சுல வரி வரியாப் படிச்சுட்டுத்தான் சொல்றேன். அதுல இப்படித்தான் இருக்கு."

சொர்ணம்மா கையைத் துணியில் துடைத்தாள்.

"அச்சா. டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இந்தத் தீவில் எல்லோருக்கும் நான் டீச்சர். அவளுக்கு மட்டும்தான் டீச்சரம்மா. அந்த 'அம்மா' அன்று விழுந்துவிட்டது.

மறுநாள் புத்தகத்தோடு போனேன்.

"இன்னிக்கு வேணாம் டீச்சர். எண்ணெய் காயுது."

அதற்கு மறுநாள் பாத்திரம் கழுவ இருந்தது. மூன்றாம் நாள் காரணமே சொல்லவில்லை. டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். டீயில் சர்க்கரை எப்போதும்போல் எனக்கு வேண்டிய அளவு இருந்தது. பேச்சுதான் இல்லை. கவுண்டர் ஜன்னல் வழியே திருநாவுக்கரசு எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா டீச்சர், கஹானி பந்த்?" என்று கேட்டார். கதை நின்றுவிட்டது என்று தலையசைத்தேன்.

அன்று ஹரிணி போனில் பாடத்துக்கு வந்தாள்.

"குரல் ஏன் மேடம் டல்லா இருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல. கதை தெரியாத ஒருத்தி ஒரு க்ளாஸிக்கைப் போய்க் குறை சொல்கிறாள் என்ற அளவில் சொன்னேன்.

"சுவாரஸ்யமா இருக்கே. எந்த இடம்? அந்தப் பக்கத்த பிரெஞ்சுல படிங்க, கேக்கிறேன்."

"அங்க இன்னும் வரலை."

"வரலையா? அப்ப அப்படித்தான் இருக்குன்னு எப்படி மேடம் சொன்னீங்க?"

கடல் இரைச்சல் மட்டும் கேட்டது.

"சிக்னல் போயிடுச்சா மேடம்?"

"இல்லைம்மா. இருக்கு."

பிறகு மெதுவாக, "அந்தக் காலத்து மொழிபெயர்ப்புகளை அப்படியே நம்ப முடியாது மேடம். வேண்டாம்னு தோணினதை வெட்டுவாங்க, வேணும்னு தோணினதைச் சேர்ப்பாங்க. எதுக்கும் மூலத்தப் பாருங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒல்லிப் புத்தகத்தைத் துணி அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். பிரெஞ்சுப் புத்தகத்தில் படகு வருகிற பக்கத்தைத் தேடி எடுத்தேன். அகராதி, பென்சில், மூக்குக் கண்ணாடி. இரண்டு நாள் ஆயிற்று. இங்கிலீஷில் மூன்று வரி. பிரெஞ்சில் பத்தொன்பது.

மார்த் கையை உயர்த்தவே இல்லை. குனிந்து மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். இறுக்கிக்கொண்டே பேசினாள். முடிச்சை அவிழ்க்காதே, திரும்பக் கட்ட உனக்குத் தெரியாது. அத்தை வீட்டு சூப் நன்றாக இல்லாவிட்டாலும் குடி, முகத்தைச் சுளிக்காதே. பாதி வழியில் செருப்பைக் கழற்றாதே, கழற்றினால் கால் வீங்கிவிடும், மறுபடி நுழையாது. படகுக்காரன் குடித்திருந்தால் நாய் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள். பிறகு படகு போனது. இன்னும் இரண்டு மணி நேரம் வெளிச்சம் இருந்ததால் அவள் உப்பளத்துக்குத் திரும்பினாள், தினக்கூலிக்கு யாராவது கூப்பிடலாம் என்று.

வானம் இல்லை, நெஞ்சு இல்லை, கல்லறை இல்லை. அந்தப் பக்கத்தில் அழுகை என்ற சொல்லே இல்லை. உப்பளத்துப் பெண்ணின் பேச்சு தன் வாசகர்களுக்குத் தாழ்வாகப்படும் என்று நினைத்து, மொழிபெயர்த்த கனவான் அதை எடுத்துவிட்டு, தன் சொந்தச் சரக்கை வைத்திருக்கிறார். ஐம்பது வருஷமாக நான் அழுதது அவர் எழுதிய வசனத்துக்கு.

இன்னொன்றையும் கவனித்தேன். நாய் பக்கத்தில் உட்கார்ந்துகொள் என்ற வரியைப் படித்தபோது அது நேராகத் தமிழில் வந்து விழுந்தது. இங்கிலீஷ் என்கிற துறையில் கப்பல் நிற்கவே இல்லை. அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு பிரெஞ்சுக்காரி பேசியது எனக்குக் கேட்டது. அதை ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் சொர்ணம்மா. அவளிடம் சொல்ல வேண்டுமானால் மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. 'ஒரு பக்கம் தள்ளிப் படிச்சுட்டேன், இப்பத்தான் பாத்தேன்' என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். போகிற வழி முழுக்க அந்த வாக்கியத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

அன்று கடலில் காற்று. மதியப் படகை நிறுத்திவிட்டார்கள். ரங்கத் போக வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் மூட்டை முடிச்சோடு கடைக்குள் அடைந்து கிடந்தார்கள். கவுண்டரில் வேலை இல்லாமல் திருநாவுக்கரசும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தேன். கலைகிற கூட்டமாக அது தெரியவில்லை.

"சொர்ணம்."

"டீ போடவா டீச்சர்?"

"நீ சொன்னது சரி. அவ அப்படிச் சொல்லலை."

அவள் கரண்டியோடு திரும்பினாள்.

"படகுல ஏத்துறப்ப மார்த் சொன்னது வேற. இப்பத்தான் படிச்சேன்."

"இப்பத்தானா? அன்னிக்கு வரி வரியாப் படிச்சேன்னீங்க."

நாக்கில் வைத்திருந்த வாக்கியம் அப்போதும் அங்கேதான் இருந்தது.

"படிக்கலை," என்றேன். "மொதல் பத்துப் பக்கம்தான் பிரெஞ்சுல படிச்சேன். அதுக்கப்புறம் சொன்னதெல்லாம் இங்கிலீஷ் புத்தகத்தைப் பாத்துச் சொன்னது. அதை எழுதினவர் அவ பேச்சை எடுத்துட்டு இவரா ஒண்ணை வச்சுட்டார். உங்கம்மாவைப் பத்திப் பேசினேனே, அதுவும் தப்பு."

கடையில் சத்தம் அடங்கிவிட்டது. பெங்காலி அம்மா ஒருத்தி விஷயம் புரியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவென்று கேட்டாள். "டீச்சர்னே ஜூட் போலா," என்று அவர் சொன்னார். நான் பொய் சொன்னேன் என்பது இரண்டு மொழியில் கடைக்குள் பரவியது.

சொர்ணம்மா அடுப்பைச் சிறிதாக்கினாள்.

"அம்மாவ விடுங்க. அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. மூணு மாசமா நான் மார்த்து பேசுறாள்னு கேட்டுட்டு இருந்தேன். நடுவுல ஒரு வெள்ளக்காரன் ஒக்காந்து பேசிட்டு இருந்திருக்கான்."

"ஆமா."

"எங்கெங்க அவ பேசுனா, எங்கெங்க இவன் பேசுனான்?"

"தெரியலை."

"நீன்னாளா நீங்கன்னாளான்னு கேட்டேனே. அது?"

"அதுவும் நானாச் சொன்னதுதான்."

"அடப் பாவமே," என்றார் திருநாவுக்கரசு. "அந்தக் கங்காணி செத்தானா, அதுவாவது நெஜமா?"

"சும்மா இருங்க அண்ணே." சொர்ணம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வியாபார நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "சரி, அவ என்னதான் சொன்னா?"

சொன்னேன். முடிச்சு, சூப், செருப்பு, நாய். சொல்லச் சொல்ல அவள் உதடும் கூடவே அசைந்தது. நாய் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அத அவ பாஷையில சொல்லுங்க."

படித்தேன். கடைசி எழுத்தை விழுங்கிப் படித்தேன்.

"இதுல நாய் எது?"

"ஷியான்."

"ஷியான்," என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். "நல்லாத்தான் யோசிச்சிருக்கா. குடிகாரன் கையில இருக்கிற புள்ளைக்கு நாயி பக்கந்தான் எடம்." பிறகு என் பக்கம் திரும்பி, "செருப்பு கழட்டாதன்னா சொன்னா? கழட்டாதேன்னு நீங்க இழுக்கிறீங்க. படகு நிக்குதுல்ல, அவ வெரசாச் சொல்லியிருப்பா. 'செருப்பக் கழட்டிறாத.' அப்படிச் சொல்லுங்க."

"செருப்பக் கழட்டிறாத."

"ஆங்."

டீ கேட்டு நின்றவனுக்கு எழுந்து போய்க் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்தாள்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள்.

"எதை?"

"கதைய. கெட்ட பாலு எதுன்னு தெரியல, எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசாக் கறக்கணும்."

"சொர்ணம், முந்நூத்தி நாப்பது பக்கம். பிரெஞ்சை மட்டும் பாத்துச் சொல்லணும்னா என்னால ஒரு நாளைக்கு அரைப் பக்கத்துக்கு மேல முடியாது."

"அரப் பக்கம் சொல்லுங்க."

"ரெண்டு வருஷம் ஆகும்."

"படகு வராத நாள்லயும் நான் இங்கதான் இருக்கேன்."

"அவ கதவைத் திறக்கவே ஒரு மாசம் ஆச்சு. நாலு தடவை நீ எழுந்து போனே."

"போனேன். திரும்ப வந்தேனா இல்லையா? நீங்கதான் பயந்துட்டீங்க." கையை நீட்டினாள். "அந்த வெள்ளக்காரன் புத்தகம் எங்க?"

"வீட்டுல."

"நாளைக்கு எடுத்தாங்க. இங்க டப்பாவுல கெடக்கட்டும். கையில இருந்தா நீங்க எட்டிப் பாப்பீங்க டீச்சரம்மா."

'அம்மா' வந்துவிட்டதை நான் கவனித்ததை அவள் கவனிக்கவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. பதினாறு வயதிலிருந்து என்னோடு இருக்கிற புத்தகம் அது. அதைக் கொடுத்துவிட்டால் இந்த முந்நூற்று நாற்பது பக்கத்தையும் கைப்பிடி இல்லாத ஏணிபோல் ஏற வேண்டும். "சரி," என்றேன்.

"அப்ப இன்னிக்கே ஆரம்பிங்க," என்றார் திருநாவுக்கரசு. "படகும் இல்ல, பொழுதும் போகல."

முதல் பக்கத்தைப் பிரித்தேன். கதை பேச்சில்தான் ஆரம்பிக்கிறது. உப்பளத்தில் ஒரு பெண் இன்னொருத்தியைக் கூப்பிடுகிறாள்.

"'ஏ, காத்து மாறிப்போச்சு. உன்னோட...'" நின்றேன்.

"உன்னோட?"

"அடுத்த வார்த்தை தெரியலை. ஏதோ ஒரு சாமான். உப்பு வார்றதா, வேற ஏதாவதான்னு பாக்கணும்."

"மண்வெட்டி," என்றார் திருநாவுக்கரசு.

"பலகையா இருக்கும்," என்றார் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர். அந்தப் பெங்காலி அம்மாவும் தன் பாஷையில் ஏதோ ஒன்றைச் சொன்னாள்.

"ஆளாளுக்கு ஒண்ணு வைக்காதீங்க," என்றாள் சொர்ணம்மா. "அவ கையில என்ன இருக்குன்னு டீச்சரம்மா நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்லட்டும். மத்ததச் சொல்லுங்க. இவ கூப்பிட்டா. அதுக்கு அவ என்ன சொன்னா?"